இறக்காத பாத்திரங்கள்

விசில் சத்தம் கேட்டதும் வனஜாவின் வலது கை தானாக மேலே போயிற்று. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையில் கரண்டி. நினைப்பெல்லாம் வாசலில் சோற்றுக்குக் காத்திருந்த லாரி டிரைவர்கள் மேல். ஆனால் வலது கைக்கு நினைப்பு தேவைப்படவில்லை. மேல்தட்டிலிருந்த பீங்கான் ஊறுகாய் ஜாடியை அது முதலில் தரையில் இறக்கியது. அப்புறம் டம்ளர் அடுக்கு, சாமி படம், முகம் பார்க்கும் கண்ணாடி, பருப்பு டப்பாக்கள். கடைசியில் குழம்புச் சட்டியையும் துணி பிடித்து இறக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து புங்க மரத்தடியில் நின்றாள். தெரு முழுக்க அதே சத்தம்தான். எவர்சில்வரும் பித்தளையும் அலுமினியமும் தரையில் உட்காரும் சத்தம். மழைக்கு முன்னால் மண் வாசனை வருவது போல, குவாரியில் வெடிப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் இந்தச் சத்தம் வரும்.

மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது குவாரித் தெரு. தெரு சரிந்துகொண்டே போய் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் முடியும். இந்தத் தெருவுக்கு மருமகளாக வருகிறவளுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் மாமியார் சொல்லித் தருவது, விசில் ஊதினால் எதை முதலில் இறக்க வேண்டும், எதைக் கடைசியில் இறக்க வேண்டும் என்பதைத்தான். பக்கத்து வீட்டு முனியம்மா தினமும் பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் டிரம்மை இறக்கி, பழைய புடவை சுற்றியபடியே இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வருவாள். மகள் பத்மாவின் கல்யாணச் சீருக்கென்று ஆவடியில் வாங்கியது. பத்மாவுக்கு மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. டிரம்மில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

"கொயந்தைக்குப் பாலு குட்தியாக்கா?" என்று டிரம்மைக் காட்டி வனஜா கேட்டாள்.

"உன் கொயம்ப ஊத்தித் தாலாட்டணும். கருவாட்டு நாத்தம் சொவுத்து வயியா எங்கூட்டுக்கு வந்துகினு கீது" என்றாள் முனியம்மா.

அப்போது அது வந்தது. முதலில் சத்தமில்லை. பாதத்தில்தான் தொடங்கும். பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து பல்லுக்கு. பூமிக்கு அடியில் யாரோ ஒரு பெரிய பீரோவை இழுத்து நகர்த்துவது போல. அதற்கப்புறம்தான் காது அடைக்கிற மாதிரி வெடிச் சத்தம், அதற்கும் அப்புறம் வெள்ளைப் புகை. புங்க மரத்திலிருந்து காய்ந்த இலைகள் உதிர்ந்தன. நடுத்தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து, சுற்றிப் பார்த்து, அதே இடத்தில் படுத்தது.

"இன்னாக்கா, உங்க தெரு டான்ஸ் ஆடுது?" என்றான் புதிதாக வந்த டிரைவர்.

வனஜா உள்ளே போய், முனியம்மா வீட்டுக்கும் பொதுவான கிழக்குச் சுவரில் இருந்த விரிசலைப் பார்த்தாள். முன்பு அந்த விரிசலில் தீக்குச்சி நுழையும். போன கார்த்திகை மழையில் விரல் நுழைந்தது. இப்போது உள்ளங்கையை உள்ளே விடலாம். சிமெண்டு பூசிப் பார்த்தாள், ஒரு வாரம் தாங்கவில்லை. இன்னொரு மழைக்காலத்தை இந்தச் சுவர் பார்க்காது என்று அவளுக்குத் தெரியும். சுவர் விழுந்தால் கூரை நிற்காது. கூரை போனால், குவாரிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருப்பது போல, வீட்டைக் காலி செய்வது தானாக நடந்துவிடும்.

இந்த வீட்டை அவளும் புருஷன் கஜபதியும் வாங்கவில்லை, யாரும் கட்டித் தரவுமில்லை. பள்ளத்திலிருந்து தலையில் சுமந்து மேலே ஏற்றினார்கள். அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் பள்ளம் இவ்வளவு ஆழமில்லை. பெண்கள் கல் உடைத்தார்கள், ஜல்லி அள்ளினார்கள். சாயங்காலம் வேலை விடும்போது ஆளுக்கு ஒரு கல் தலையில் வைத்துக்கொண்டு போகலாம். அது யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். மேஸ்திரி அந்த நேரம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரெண்டு கல் எடுத்தால் திருட்டு, ஒரு கல் என்றால் உரிமை. அப்படித்தான் இந்தத் தெருவே பள்ளத்திலிருந்து மேலேறி வந்து நின்றது. கர்ப்பமாக இருந்தபோதும் வனஜா வெறுந்தலையோடு வீடு திரும்பியதில்லை. அந்தக் குழந்தை தங்கவில்லை. கல் தங்கியது. கிழக்குச் சுவரில் எந்தக் கல் அந்த மாசத்துக் கல் என்று அவளுக்குத் தெரியும்; யாரிடமும் காட்டியதில்லை.

அப்புறம் கிரஷர் மெஷின் வந்தது. உடைக்கிற வேலை பெண்களிடமிருந்து போயிற்று. வனஜா லாரிக்காரர்களுக்குச் சோறு பொங்க ஆரம்பித்தாள். அம்பத்தூரிலும் அண்ணா நகரிலும் மாடி மேல் மாடி ஏற, இங்கே பள்ளம் கீழே கீழே போயிற்று. பக்கவாட்டில் மூன்று புறமும் கல் தீர்ந்துபோய், மிச்சம் இருந்தது தெரு இருக்கும் கிழக்குப் பக்கம்தான். நல்ல கல் முழுக்க இவர்கள் வீடுகளுக்கு அடியில் படுத்திருக்கிறது என்று கஜபதியே ஒரு நாள் சொன்னான். அவன்தான் குவாரியில் வெடி வைப்பவன். குழிகளில் வெடிமருந்து இறக்கி, திரி பொருத்தி, விசில் ஊதி, சிவப்புக் கொடியைத் தூக்கி ஆட்டி, பள்ளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை என்று பார்த்துவிட்டுக் கொளுத்துவான். வருஷக்கணக்காகக் கொளுத்தியதில் இடது காது முழுசாகப் போய், வலது காது பாதி மிச்சம்.

போன வருஷம் மராட்டியத்தில் லாத்தூர் பக்கம் பூமி அதிர்ந்து ஊர் ஊராகப் புதைந்தது. டீக்கடை டிவியில் இடிந்த வீடுகளையும் வரிசையாகக் கிடத்தியிருந்த பிணங்களையும் தெருவே கூடி நின்று பார்த்தது. எல்லாம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். இவர்கள் வீடுகளைப் போலவே. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அதற்கு மறுவாரம் குவாரி மேனேஜர் பரந்தாமன் தெருவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

"பாத்தீங்கல்ல டிவில? அதுலேர்ந்து பூமியே ஒரு நிலையில இல்லம்மா. உங்க சுவுரு விரியுதுன்னா அது வெடியால இல்ல. இயற்கை. பூகம்பத்தோட எஃபெக்ட்டு. மொதலாளி நல்ல மனசுக்காரரு. வேப்பம்பட்டாண்ட ஆளுக்கு ஒரு மனை தரேங்கிறாரு. உயிரு முக்கியமா, ஊடு முக்கியமா, யோசிங்க" என்றார்.

தெருவில் பாதிப் பேர் நிஜமாகவே பயந்தார்கள். முனியம்மா மாங்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் நேர்ந்துகொண்டாள். வனஜா மட்டும் மனு கொடுக்க அலைந்தாள். செருப்புத் தேய்ந்த பிறகு ஒரு நாள் ஜீப்பில் சர்க்கார் இன்ஜினியர் ஒருவர் வந்தார். உலகநாதன் என்று பெயர். தலை நரைக்காத வயசு, ஆனால் பத்து ஊர் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கூடவே பரந்தாமனும் இறங்கினார்.

அன்றைக்கு விசில் ஊதியதும் தெருப் பெண்கள் எல்லாரும் எப்போதும் போல எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார்கள். இன்ஜினியரையும் அங்கேயே நிறுத்தினார்கள். வெடி வெடித்தது. வனஜாவின் பாதத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. பீரோ நகரவில்லை. ஒரு முக்காலி நகர்ந்த மாதிரிதான் இருந்தது. உலகநாதன் வீடு வீடாக உள்ளே போனார். எங்கும் எல்லாம் தரையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஒரு டம்ளர்கூட உருளவில்லை. மேல்தட்டுகள் எல்லாம் காலி. சுவர்களில் மாட்டிய படம்கூட இல்லை.

"பாத்திரம்கூட விழலையேம்மா" என்றார். குற்றம் சொல்வது போல இல்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"தெனம் ஆடுது சார். இன்னிக்குத்தான் கம்மி" என்றாள் வனஜா.

"நாந்தான் சொன்னேனே சார், லாத்தூருக்கு அப்பறம் அங்கங்க பூமி ஆடறது சகஜம்" என்றார் பரந்தாமன்.

வனஜா அவரை விட்டுவிட்டு இன்ஜினியரைப் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன் சார். பூகம்பத்துக்கு ஞாயித்துக்கெழம லீவா?"

"என்னம்மா?"

"ஞாயித்துக்கெழம ஆட மாட்டேங்குது. பொங்கலுக்கு ஆடல, தீவாளிக்கு ஆடல. ஆயுத பூசைக்குக்கூட பொரி துன்னுட்டு சும்மா குந்திகினு கீது. லாத்தூர்லயும் இப்டி லீவு உட்டுட்டுத்தான் ஆடுச்சா சார்?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரந்தாமன் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். ஜீப்பில் ஏறும்போது இன்ஜினியர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா நான் எழுதறதுக்கு என் கண்ணுல ஏதாவது படணும்மா. செவ்வாக்கிழமை இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கு. இன்னொரு தடவை பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ஜீப் போன பிறகு வனஜா வீட்டுக்குள் போய், தரையிலிருந்த ஊறுகாய் ஜாடியைத் திரும்ப மேலே வைக்கக் கை நீட்டினாள். ஜாடி பாதி தூரம் போய் நின்றது. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விரிசலுக்குப் பக்கத்தில் போய் வாயை வைத்து முனியம்மாவைக் கூப்பிட்டாள்.

"யக்கா! நாமதான்கா."

"இன்னா நாமதான்?" என்றது சுவர்.

"அவன் செய்யறத நாமளே மறச்சிகினு கீறோம். அவன் ஒடைக்கறான், நாம ஒடையாம பாத்துக்கறோம். அப்பால அந்தாளு வந்து பாத்துட்டு ஒண்ணும் ஒடையலன்னுதான சொல்லுவாரு?"

சுவர், "அதுக்காவ?" என்றது.

"செவ்வாக்கெழம ஒரு சாமானும் கீய எறங்கக் கூடாது."

அன்று சாயங்காலம் கஜபதி வந்து கை கால் கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் கல் மாவு. அவனிடம் ரகசியம் பேச முடியாது என்பது அவர்கள் குடித்தனத்தின் பெரிய கஷ்டம். கொஞ்சலானாலும் சண்டையானாலும் தெரு முழுக்கக் கேட்க வேண்டும். வனஜா அவனுடைய வலது பக்கம் போய்க் குந்தினாள்.

"இன்னிக்கு மருந்து கொறச்சது யாரு?"

"மேனேஜர் சொன்னாரு."

"சொன்ன வாயி அவுருது. வெச்ச கை யாருது?"

கஜபதி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தன் கையைப் பார்த்தான். "அது என் வேல மே" என்றான். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "வேப்பம்பட்டுல ஊருக்கெல்லாம் ஒரு மனை. நமக்கு ரெண்டு தரேங்கிறாரு. வெளிய சொல்லாத."

அவன் குரலைத் தாழ்த்திவிட்டதாகத்தான் நினைத்திருப்பான். ஆனால் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளும் காது அவனிடம் இல்லை.

"இன்னாது, ரெண்டு மனையா?" என்று விரிசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியம்மா அலறினாள். "எங்களுக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ரெண்டா? நல்லா கீதுடி ஒங்க நாயம்! மத்தியானம் கூப்ட்டு பாத்திரத்த எறக்காத, பாத்திரத்த எறக்காதன்னு எங்கிட்ட உபதேசம் வேற!"

அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வனஜா எழுந்து விரிசலை நோக்கி ஒரு அடி வைத்தாள், நின்றாள். திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள். மறைக்கிறதுக்கு இனிமேல் ஒன்றுமில்லை என்று ஆனதும் அவளுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. தெருவுக்கே கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்தாள்.

"வேப்பம்பட்டுக்குப் போயி இன்னாயா பண்ணுவ? வயக்காட்டாண்ட குந்திகினு தவள கத்தறத கேப்பியா? அதுவும் ஒனக்குக் கேக்காது. நான் வரல. ரெண்டு குட்தாலும் வரல, ஊரையே எயுதிக் குட்தாலும் வரல. இந்தச் சொவுத்துக் கல்லு ஒவ்வொண்ணும் என் தலையில ஏறி வந்துது. செவ்வாக்கெழம நீ எப்பவும் வெக்கிற மருந்த வெய்யி. கூட வாணாம். கொறச்சலும் வாணாம். தெனம் இன்னா வெக்கிறியோ அத்த வெய்யி. அது போதும்."

"வேல பூடும்."

"காது பூட்ச்சு. சொவுரு பூட்ச்சு. வேல மட்டும் கூடவே வரப்போவுதா?"

கஜபதி தட்டில் கை கழுவினான். அவனுக்குக் கேட்காதது பாதி, கேட்காதது போல இருப்பது பாதி என்று வனஜாவுக்குத் தெரியும். இது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

மறுநாள் மரத்தடியில் பெண்கள் அவளை வளைத்துக்கொண்டார்கள். ரெண்டு மனைக்காரி என்று ஒருத்தி பெயரே வைத்துவிட்டாள். வனஜா தடுக்கவில்லை. எல்லாரும் திட்டி முடிக்கும் வரைக்கும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "ரெண்டு மனை வேணும்னா நான் ஏன்மா பாத்திரத்த ஒடைக்கச் சொல்றேன்? மூடிகினு இருந்தா தன்னால வருமே. வேணாங்கறதாலதான் சொல்றேன். நீங்க எறக்குங்க, எறக்காதீங்க. எங்கூட்டுல ஒரு கரண்டிகூட எறங்காது. விசிலு ஊதனா நானும் வெளிய வர மாட்டேன். சொவுரு வியறதா இருந்தா நான் பாக்க வியட்டும்."

"பைத்தியம் புட்ச்சிடுச்சா ஒனக்கு? கல்லு மேல வியுந்தா?" என்றாள் வசந்தா, கடைசி வீட்டுக்காரி.

"எத்தினி கல்லு சொமந்தவ நான். ஒண்ணு திருப்பி மேல ஏறுனா இன்னா?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுப் பாத்திரம் என்பது சும்மா இல்லை. அம்மா வீட்டிலிருந்து வந்தது, சீட்டுப் போட்டு எடுத்தது, பேர் வெட்டியது. புருஷன் அடித்தபோதுகூட அணைத்துக் காப்பாற்றியது. அதை வேணுமென்றே விழ விடு என்றால் கை எப்படி ஒத்துக்கொள்ளும். முனியம்மா முந்தானையை உதறி எழுந்தாள். "எல்லாத்தையும் வேணா உடறேன். என் டிரம்மு மட்டும் எறங்கும். அத்த நசுக்கிகினு எம்பொண்ணுக்கு இன்னாத்த குடுப்பேன்? சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைத் தப்புச் சொல்ல வனஜாவால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கஜபதி பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தான். கொடியை எடுத்துத் தோளில் போட்டான். வாசலைத் தாண்டப் போனவன் நின்று, கிழக்குச் சுவருக்குப் போய் விரிசலுக்குள் உள்ளங்கையை விட்டுப் பார்த்தான். அப்புறம் இத்தனை வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தான். அடுப்பு மேடையில் இருந்த ஊறுகாய் ஜாடியை எடுத்து மேல்தட்டில், விளிம்புக்கு நெருக்கமாக வைத்தான். திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போய்விட்டான். அது சரி என்று சொன்னதா, வழியிலிருந்த பொருளை ஒதுக்கி வைத்ததா என்று வனஜாவுக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் அதற்குள் அவன் காதுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டான்.

ஜீப் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பரந்தாமன் இன்று சிரித்த முகமாக இருந்தார். இன்றைக்கும் மருந்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார். அதில் சந்தேகமே இல்லை. இனி எல்லாம் பள்ளத்துக்குள் இருக்கிற ஒருத்தன் கையில்.

"மரத்தடியில நிக்கலாம் சார், அதான் பழக்கம்" என்றார் பரந்தாமன்.

"இன்னிக்கு உள்ள வாங்க சார். வெளிய நின்னா ஒண்ணும் தெரியாது. தண்ணி குடிங்க" என்று வனஜா வாசலை மறிக்காமல் ஒதுங்கி நின்றாள்.

உலகநாதன் ஒரு நிமிஷம் யோசித்தார். குனிந்து உள்ளே வந்தார். அவள் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டாள், கிழக்குச் சுவரிலிருந்து தள்ளி, கதவுக்குப் பக்கத்தில். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதை அவள் முன்னாலேயே அளந்து வைத்திருந்தாள். சுவர் ஓரத்தில் தான் உட்கார்ந்தாள்.

விசில் ஊதியது.

அவளுடைய வலது கை எழுந்தது. தோள் வரைக்கும் போய்விட்டது. அவள் அதை இடது கையால் பிடித்து மடிக்கு இழுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பாத்திரம் இறங்கும் சத்தம் இல்லாத தெருவை அவள் கேட்டதே இல்லை. அப்படியானால் எல்லாரும் விட்டுவிட்டார்களா, இல்லை அவளுக்குத்தான் காது அடைத்துவிட்டதா?

"சார், வெளிய வந்துடுங்க, சேஃப்டி இல்ல!" என்று வாசலிலிருந்து பரந்தாமன் பதறினார்.

வனஜா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "ஏன் நைனா பயப்படற? பூகம்பம்னுதான சொன்ன? பூகம்பம் விசிலு ஊதிகினா வரும்?"

உலகநாதன் எழுந்திருக்கவில்லை. மேல்தட்டைப் பார்த்தார். அடுக்கடுக்காக டம்ளர்கள், டப்பாக்கள், விளிம்பில் ஒரு ஜாடி. எதற்காகத் தன்னை உள்ளே உட்கார வைத்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் பாதம்.

வனஜா கண்ணை மூடவில்லை. பீரோதான். முக்காலி இல்லை. பூமிக்கு அடியில் அந்தப் பெரிய பீரோ நகர்ந்தது, அவளுடைய முழங்காலுக்கு வந்தது, பல்லுக்கு வந்தது. டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. ஜாடி விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, போகலாமா வேண்டாமா என்பது போல நின்று, போயிற்று. அதன் பின்னால் எல்லாம் போயின. சாமி படமும் கண்ணாடியும் பருப்பும் மிளகாய்த் தூளும். அந்த வீட்டோடு நிற்கவில்லை. அடுத்த வீடு, எதிர் வீடு, கடைசி வீடு என்று தெரு முழுக்க, வருஷக்கணக்காகப் பத்திரமாக இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. வெடிச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போயிற்று. கிழக்குச் சுவரிலிருந்து பூச்சு பெயர்ந்து விழ, விரிசலின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு கல் கழன்று, வனஜாவின் தோளை உரசிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. அந்த மாசத்துக் கல் இல்லை. அவள் பார்த்துக்கொண்டாள்.

புழுதி அடங்கியபோது உலகநாதனின் தலை நரைத்திருந்தது. காலடிக்கு உருண்டு வந்த ஒரு டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைக்கக் குனிந்தார். எல்லா மனுஷருக்கும் கை அப்படித்தான் போகும்.

"எடுக்காதீங்க சார். கெடக்கட்டும். எறங்கி இன்னும் நெறைய ஊடு பாக்கணும்" என்றாள் வனஜா. தோளில் ரத்தம் கசிந்திருந்தது. துடைக்கவில்லை.

வெளியே வந்தார்கள். பரந்தாமனின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஏலக்காயைத் துப்பிவிட்டு, சரிவின் மேல்முனைக்கு ஓடி நின்று, "கஜபதீ! டேய் கஜபதீ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கீழே புகைக்குள்ளிருந்து கஜபதி வெளிப்பட்டான். சிவப்புக் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி, தினமும் ஏறுவது போல நிதானமாகத் தெருச் சரிவில் ஏறி வந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. குவாரி எடுத்துக்கொண்டுவிட்ட காதுக்குள் குவாரி மேனேஜரின் குரல் போகவில்லை.

அப்போது, பரண் விளிம்பில் அதுவரை தொற்றி நின்றது நழுவி விழுந்து, முனியம்மாவின் வாசலிலிருந்து அது வந்தது. சுற்றியிருந்த பழைய புடவை அவிழ்ந்து பின்னால் இழுபட, எவர்சில்வர் டிரம் படியில் ஒரு தடவை எகிறித் தெருவில் விழுந்து உருள ஆரம்பித்தது. வனஜா திடுக்கிட்டு மரத்தடியைப் பார்த்தாள். முனியம்மாவின் இடுப்பில் இன்று ஒன்றும் இல்லை. வெறுங்கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் டிரம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்மா பிடிக்க ஓட ஒரு அடி வைத்தாள். முனியம்மா அவள் தாவணியைப் பிடித்து நிறுத்தினாள்.

டிரம் சரிவில் வேகம் பிடித்தது. வெயில் பட்டுப் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. பரந்தாமன் ஒதுங்கினார். நேராகக் கஜபதியை நோக்கிப் போயிற்று. ஒரு காலை நீட்டினால் போதும், நின்றுவிடும். கஜபதி அதைப் பார்த்தான். நிமிர்ந்து, புழுதி பூசிய பொண்டாட்டியையும் அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்ஜினியரையும் பார்த்தான். பிறகு ஒரு பக்கமாக நகர்ந்து, பெரிய மனுஷனுக்கு வழிவிடுவது போல, டிரம்முக்கு வழிவிட்டான்.

அது விளிம்பில் ஒரு தடவை மின்னியது. அப்புறம் இல்லை. தெரு மொத்தமும், இன்ஜினியரும்கூட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் அடியிலிருந்து வரப்போகும் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள்.